பெரிய வளவுக்குப் பக்கத்தில்

மில்லிக்கன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அங்கே குடியிருக்கும் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குச் சொல்லத் தெரியாது. "கென்னடியும் ஸ்டீல்ஸும்" என்பார்கள். "பசிபிக் மோலுக்குக் கிட்ட" என்பார்கள். நானும் வந்து இரண்டு வருடம்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கோ ரயில் நிலையத்தின் பலகையில்தான் அந்தப் பெயரை வாசித்தேன்.

ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ஸ்காபரோ. அது ரொறன்ரோ மாநகரம். வடக்கே மார்க்கம். மில்லிக்கன் இந்த இரண்டிலும் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது. வீடுகள் ஒரே மாதிரி, கடைகள் ஒரே மாதிரி, ஆட்களும் ஒரே ஆட்கள். ஆனால் ரிரிசி பஸ்ஸில் வந்து ஸ்டீல்ஸைத் தாண்டி வடக்கே போனால் முந்தி இன்னொரு கட்டணம் கேட்பார்கள். நான் வந்த புதிதில் அந்தக் காசை மிச்சம் பிடிக்க ஸ்டீல்ஸில் இறங்கி, பனிக்குள்ளால் அக்கா வீட்டுக்கு இருபது நிமிடம் நடப்பேன். 2024 பெப்ரவரி 26ஆம் திகதி அந்த இரண்டாவது கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கார் வைத்திருந்தவர்களுக்கு அங்கே ஒரு எல்லை இருந்ததே தெரியாது. பஸ்ஸில் போன எங்களுக்குத்தான் தெரியும்.

எனக்குப் படிப்பு ஓ.எல். வரைக்கும்தான். ஆனால் 2025ஆம் ஆண்டு வசந்தத்திலிருந்து எங்கள் தொழிற்சாலையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலைதான். மிச்ச நாட்களில் நடக்கவும், நூலகத்தில் இருந்து வாசிக்கவும், யோசிக்கவும் நேரம் கிடைத்தது. அப்படி நடந்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

பெயர் தந்த மனிதன்

மில்லிக்கன் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். நோர்மன் மில்லிக்கன் என்பவர் 1807இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறினார். அவர்கள் லோயலிஸ்டுகள் எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அமெரிக்கா பிரித்தானியாவோடு சண்டை பிடித்துத் தனிநாடானபோது, அரசர் பக்கம் நின்றவர்கள் அங்கே இருக்கமுடியாமல் போயிற்று. காணி பறிபோனது, வீடு பறிபோனது, அடியும் விழுந்தது. நாற்பதாயிரம் பேருக்கும் மேலே வடக்கே ஓடிவந்தார்கள். இன்று நாம் அகதி என்று சொல்லும் சொல்லுக்குள் அவர்களும் அடங்குவார்கள்.

அவர்கள் ஓடிவந்தும் பெரிய அயலவன் விடவில்லை. 1812 யூனில் அமெரிக்கா சண்டையை அறிவித்தது. 1813 ஏப்ரல் 27இல் அமெரிக்கப் படை ஏரியால் வந்து யோர்க் பட்டினத்தைப் பிடித்தது. யோர்க் என்றால் இன்றைய ரொறன்ரோ. நாடாளுமன்றக் கட்டிடங்கள் எரிந்தன. எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்துப் பெருமூச்சு விடுகிற எனக்கு, நான் குடியிருக்கும் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது என்று வந்து பத்து வருடத்துக்குப் பிறகுதான் தெரியும்.

லோயலிஸ்டுகள் வந்தபோது இந்த நிலம் வெறும் காடாக இருக்கவில்லை. ஆதிக்குடிகள் இருந்தார்கள். அவர்களுடைய கதையில் பெரிய அயலவன் இந்த வெள்ளைக்காரர்களே. அதையும் மறந்துவிடக்கூடாது.

பிறகு வந்தவர்களைப் பாருங்கள். பசிபிக் மோல் 1997இல் திறக்கப்பட்டது. அதே 1997 யூலை முதலாம் திகதி ஹொங்கொங் சீனாவின் கைக்குப் போனது. அதற்கு முன்னுள்ள வருடங்களில் அங்கிருந்து வந்த சனம்தான் கென்னடி வீதியை நிறைத்தது. அதன்பிறகு, முன்பு டவுன்ரவுணில் அடுக்குமாடிகளில் இருந்த எங்கள் தமிழ்ச்சனம் காசு சேர்த்து இந்தப் பக்கம் வீடு வாங்கியது. ஆக, மில்லிக்கனில் வந்து குடியேறியவர்களில் பெரும்பகுதி, பெரிய ஒன்றின் பக்கத்தில் சின்னதாய் இருந்து பட்டவர்கள்.

தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசை

நான் வேலை செய்யும் இடத்தில் கடைகளுக்கான இரும்புத் தட்டுகளும் றாக்கைகளும் செய்கிறோம். தகட்டை வெட்டி, மடித்து, ஒட்டி, நிறம் அடித்துப் பெட்டியில் போடுவது வேலை. பெட்டிகளின் பெரும்பகுதி தெற்கே எல்லை தாண்டும். இரவு ஏற்றினால் விடியமுன் பாரவண்டி பாலம் கடந்துவிடும். பதின்மூன்று வருடமாக அது எனக்குச் சூரியன் உதிப்பது மாதிரி ஒரு காரியம். அதைப்பற்றி யோசித்ததே இல்லை.

2025 மார்ச் 4இல் ட்ரம்ப் அரசாங்கம் கனடாப் பொருட்களுக்கு 25 வீத வரி போட்டது. சில நாட்களில், மூன்று நாட்டு வர்த்தக உடன்படிக்கைக்குள் அடங்கும் பொருட்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஆனால் மார்ச் 12இல் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் தனியாக 25 வீதம் வந்தது. யூன் 4இல் அது 50 வீதமானது. கனடாவை 51ஆவது மாநிலமாக்கவேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கனடாவும் பதில் வரி போட்டது. ஒன்ராறியோவின் அரசாங்க மதுக்கடைகளில் அமெரிக்கப் போத்தல்களைத் தட்டிலிருந்து இறக்கினார்கள்.

எங்களுக்கு அது எப்படி வந்தது தெரியுமோ? ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஷிப்டை நிற்பாட்டினார்கள். பிறகு வேர்க் ஷெயரிங் என்றார்கள். எல்லோரையும் வைத்துக்கொண்டு நாட்களைக் குறைப்பது, குறைந்த நாட்களுக்கு அரசாங்கம் வேலையிழப்புக் காப்புறுதியில் இருந்து கொஞ்சம் தருவது. வேலை போகவில்லை என்று சந்தோசப்பட்டோம். மோர்ட்கேஜ் கட்டுகிற தேதி வந்தபோது அந்தச் சந்தோசம் குறைந்தது.

சாப்பாட்டு மேசையில் எனக்கு முன்னால் இருப்பவர் ஹொங்கொங்காரர் ஒருவர், அறுபது வயது. பக்கத்தில் இருப்பவர் எங்கள் ஊர் அண்ணை, 1988இல் வந்தவர். அண்ணைக்கு இது புதிதில்லை.

"தம்பி, நான் வந்த வருசம் இதே சண்டைதான். அப்ப சுயாதீன வர்த்தகம் வேணுமோ வேண்டாமோ எண்டு எலெக்சன். வந்தால் நல்லது எண்டாங்கள். வந்துது. பிறகு இஞ்சை எத்தினை பக்டரி பூட்டினவங்கள் எண்டு எனக்குத் தெரியும். 93இலை ஸ்காபரோவிலை வான் செய்த ஜி.எம். பக்டரியும் பூட்டுப்பட்டுது."

"அப்ப, வர்த்தகம் வந்ததும் பிழை, இப்ப நிக்கிறதும் பிழையோ அண்ணை?"

"ஒரே ஆளை நம்பி இருக்கிறதுதான் பிழை."

ஹொங்கொங்காரர் ஒன்றும் பேசவில்லை. சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு சிரித்தார்.

வேலியும் பொட்டும்

அண்ணை சொன்னதைக் கேட்டு எனக்கு அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. எங்களுக்கு வடமராட்சி. அங்கே வேலிச் சண்டை இல்லாத ஒழுங்கை இல்லை. எங்கள் வளவு ஒன்றரைப் பரப்பு. பக்கத்து வளவு பதினைந்து பரப்பு. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கிற காலத்தில் கதியால் ஒரு விரல் அகலம் எங்கள் பக்கம் நகரும். கேட்டால், மழைக்கு மண் அரித்துவிட்டது என்பார்கள். எங்கள் வீட்டுக்கு நல்ல தண்ணீர் அவர்களின் கிணற்றில்தான். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால்தான் குடத்தோடு போய்வருவோம். சத்தம் போட்டால் அந்தப் பொட்டை அடைத்துவிடுவார்கள்.

அம்மம்மா சொல்லுவா: "மூண்டு வழிதான் மோனை. ஒண்டு, இருக்கிறபடி பொறுத்துக்கொண்டு இருக்கிறது. மற்றது, வேலியைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு எல்லாம் அவையின்ரை எண்டு விடுறது. மூண்டாவது, மற்றப் பக்கத்துச் சனத்தோடையும் ஒரு பொட்டு வைக்கிறது. அது தூரம், தண்ணியும் கொஞ்சம் சவர். ஆனால் குடிக்கலாம்."

நூலகத்தில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனடா அரசாங்கம் 1972இல் இதே மூன்று வழிகளையும் எழுதி வைத்திருக்கிறது.

கனடாவின் மூன்றாவது வழி

கனடா மொத்தப் பரப்பளவில் உலகத்தின் இரண்டாவது பெரிய நாடு. ஆனால் சனம் நாலு கோடிக்குக் கொஞ்சம் மேல். பக்கத்தில் அமெரிக்கா, 34 கோடி. நடுவிலே 8,891 கிலோமீற்றர் எல்லை. 2024இல் கனடா வெளியே விற்ற பொருட்களில் நாலில் மூன்று பங்கு அந்த ஒரு நாட்டுக்குத்தான் போனது. ஆகவே கனடாவும் ஒரு வகையில் சின்ன நாடுதான்.

முதலாவது ட்ரூடோ 1969 மார்ச்சில் வாஷிங்டனில் பேசும்போது, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது யானைக்குப் பக்கத்தில் படுப்பது மாதிரி, யானை எவ்வளவு நல்லதென்றாலும் அது அசைகிற ஒவ்வொரு அசைவும் எங்களுக்குத் தெரியும் என்ற கருத்தில் சொன்னார். இரண்டு வருடத்தில் யானை உண்மையாகவே புரண்டது. 1971 ஓகஸ்ட் 15இல் நிக்சன், இறக்குமதிக்குப் பத்து வீத மேல்வரி போட்டார். கனடா தனக்கு விலக்குக் கிடைக்கும் என்று நம்பியது. கிடைக்கவில்லை.

அதன்பிறகுதான் வெளிநாட்டமைச்சர் மிற்சல் ஷார்ப் 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலாவது வழி, இருக்கிறபடி இருப்பது. இரண்டாவது, அமெரிக்காவோடு இன்னும் நெருங்கிச் சேர்வது. மூன்றாவது, அந்த ஒரு நாட்டில் தங்கியிருப்பதைக் குறைப்பது. அரசாங்கம் மூன்றாவதைத் தெரிந்தது. வெளிநாட்டு முதலீட்டைப் பரிசீலிக்க 1973இல் சட்டம் வந்தது. 1975இல் பெற்றோ-கனடா என்ற அரசாங்க எண்ணெய்க் கம்பனி தொடங்கியது. 1976இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு ஒரு உடன்படிக்கை வைத்தார்கள்.

ஆனால் அது சரிவரவில்லை. ஏன்? என் அறிவுக்கு எட்டியபடி காரணம் எளிது. பவுசரும் பாரவண்டியும் ரயிலும் எல்லாம் தெற்கே பார்த்துத்தான் ஓடின. தொழிற்சாலைகளில் பல அமெரிக்கக் கம்பனிகளின் கிளைகள். சொந்தக்காரன் தெற்கே இருந்தால் சரக்கு ஐரோப்பாவுக்கு ஏன் போகும்? அரசாங்கம் பேப்பரில் கையெழுத்து வைத்தது. சரக்கு பழைய பொட்டுக்குள்ளாலேயே போனது. 1989 சனவரி முதலாம் திகதி சுயாதீன வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 1994இல் மெக்சிக்கோவும் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டளவில் கனடாவின் ஏற்றுமதியில் 80 வீதத்துக்கும் மேலே அமெரிக்காவுக்குப் போனது. மூன்றாவது வழி என்று வெளிக்கிட்டவர்கள் இரண்டாவது வழியில் போய் நின்றார்கள்.

அதற்காகக் கனடா எல்லாவற்றுக்கும் தலையாட்டியது என்றும் சொல்லமுடியாது. 1965 ஏப்ரலில் பிரதமர் பியர்சன் அமெரிக்க மண்ணிலேயே நின்று வியட்நாமில் குண்டு போடுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றார். அடுத்தநாள் ஜனாதிபதி ஜோன்சனிடம் நல்ல ஏச்சு வாங்கினார். 2003 மார்ச்சில் பிரதமர் கிரெட்டியன் ஈராக் சண்டைக்கு வரமாட்டோம் என்று சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. சின்னவன் இல்லை என்று சொல்லலாம். ஆனால் சொல்கிறவனுக்கு வீட்டில் சோறு இருக்கவேண்டும்.

இப்போது திரும்பவும் அதே மூன்றாவது வழிக்கு வந்திருக்கிறார்கள். மார்க் கார்னி 2025 மார்ச் 14இல் பிரதமரானார். புதுப்பிரதமர்கள் பலர் முதலில் வாஷிங்டனுக்குப் போவார்கள். இவர் பாரிசுக்கும் லண்டனுக்கும் போனார். அமெரிக்காவோடு இருந்த பழைய உறவு முடிந்துவிட்டது என்று அந்த மாதமே வெளிப்படையாகச் சொன்னார். யூனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பாதுகாப்பு உடன்பாடு. அமெரிக்கா தவிர்ந்த நாடுகளுக்கான ஏற்றுமதியைப் பத்து வருடத்தில் இரட்டிப்பாக்குவோம் என்றும் அறிவித்தார்கள். 2026 சனவரியில் கார்னி பெய்ஜிங்குக்குப் போய், வருடத்துக்கு 49,000 சீன மின்சாரக் கார்களைக் குறைந்த வரியில் விட ஒப்புக்கொண்டார். பதிலுக்குச் சீனா கனடாவின் கனோலாவுக்கான வரியைக் குறைப்பதாகப் பேச்சு.

அந்தச் செய்தி வந்த அன்றுதான் ஹொங்கொங்காரர் வாய் திறந்தார். "நான் ஒரு பெரியவனிடமிருந்து ஓடி இங்கே வந்தேன். இப்போது இங்கே உள்ளவர்கள் இன்னொரு பெரியவனிடமிருந்து தப்ப, நான் விட்டு ஓடிய ஆளிடம் போகிறார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "கனோலா விதைக்கிறவனும் சாப்பிடத்தானே வேண்டும்" என்றார். நான் இதைவிடச் சரியாக ஒரு பத்திரிகையிலும் வாசிக்கவில்லை.

எங்கள் நாட்டில் நடந்தது

இதையெல்லாம் பார்க்கும்போது எங்கள் நாட்டு நினைவு வராமல் இருக்குமோ? இலங்கைக்குப் பக்கத்து வளவு இந்தியா.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒரு மூன்றாவது வழி தேடினார். அமெரிக்காவின் பக்கம் சாய்ந்தார். வொய்ஸ் ஒவ் அமெரிக்கா வானொலி நிலையத்துக்கு இடம் கொடுத்தார். 1984இல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலின் நலன்பேணும் அலுவலகம் வந்தது. பாகிஸ்தானிடம் படைப்பயிற்சி, பிரித்தானியக் கூலிப்படை ஆட்களிடம் இன்னொரு பயிற்சி. தூரத்தில் இப்படி நாலு பொட்டு வைத்தார். ஆனால் சொந்த வளவுக்குள் தமிழருடைய பங்கைக் கொடுக்க மனம் வரவில்லை. 1983 யூலை நடந்தது. சனம் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனது. பெரிய அயலவனுக்கு உள்ளே வரக் காரணம் கிடைத்தது.

1987 மே 26இல் வடமராட்சியில் இராணுவம் பெரிய நடவடிக்கையைத் தொடங்கியது. அப்போது நான் அம்மாவின் வயிற்றில். அம்மா ஆட்கள் கோயில் மண்டபம் ஒன்றில் இருந்தார்கள். யூன் 3இல் இந்தியா உணவோடு படகுகளை அனுப்பியது. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. அடுத்தநாள் விமானங்கள் வந்து யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுப் பொதிகளைப் போட்டன. ஐந்து சரக்கு விமானம், காவலுக்குப் போர் விமானங்கள். மொத்தம் 25 தொன்தான். அம்மாவுக்கு ஒரு பருப்பும் கிடைக்கவில்லை. ஆனால் சனம் அழுததாம், எங்களுக்கும் ஒரு ஆள் இருக்கிறது என்று.

ஜே.ஆர். திரும்பிப் பார்த்தார். தூரத்து நண்பர்கள் ஒருவரும் வரவில்லை. யூலை 29இல் ராஜீவ் காந்தியோடு கையெழுத்து வைத்தார். அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்து இரண்டு கடிதங்கள் மாறின. அவற்றில் இருந்தது என்ன? திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடாக வேறு நாடு படைத்தேவைக்குப் பாவிக்க விடக்கூடாது. அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இந்தியாவோடு சேர்ந்து திருத்தவேண்டும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களை மீளாய்வு செய்யவேண்டும். தமிழரைப்பற்றிய ஒப்பந்தம் என்று நாங்கள் நினைத்ததில், இவைதான் பெரியவருக்குத் தேவையான பகுதி. தமிழர் அதில் கையெழுத்து வைத்தவர்கள் அல்ல. ஒக்டோபரில் காப்பாற்ற வந்த படைக்கும் புலிகளுக்கும் சண்டை. இடையில் செத்தது சனம். நான் பிறந்து இரண்டு மாதம். அம்மா என்னைத் துணியில் சுற்றிக்கொண்டு மீண்டும் ஓடினா. இந்தியப்படை 1990 மார்ச்சில் திரும்பியது.

அந்த எண்ணெய்க் குதங்களுக்கான கூட்டு உடன்படிக்கை கடைசியில் 2022 சனவரியில்தான் கையெழுத்தானது. அந்த வருடம் இலங்கை கடன் கட்டமுடியாமல் விழுந்தபோது, நானூறு கோடி டொலர் அளவுக்கு உதவி செய்ததும் இந்தியாதான். அதற்கு முன்பே, 2017இல், அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனிக்குப் போயிருந்தது.

அம்மம்மாவின் ஒழுங்கையில் ஒரு கதை உண்டு. எங்களுக்கு அடுத்த சின்ன வளவில் அண்ணன் தம்பி இரண்டுபேர். பங்குச் சண்டை. அண்ணன் தம்பிக்கு ஒரு சாணும் கொடுக்கமாட்டேன் என்றார். தம்பி கோபத்தில் தனக்கு வரவேண்டிய பங்கைப் பெரிய வளவுக்காரனுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு இரண்டுபேருக்கும் வளவு இல்லை. வீட்டுக்குள் நீதி இல்லாதவன் வெளியில் எத்தனை பொட்டு வைத்தும் பயனில்லை.

கனடாவுக்கும் உள்வீட்டுச் சண்டை இல்லாமல் இல்லை. கியூபெக் 1995 ஒக்டோபர் 30இல் பிரிவதா என்று வாக்களித்தது. வேண்டாம் என்றவர்கள் 50.58 வீதம். அவ்வளவு கிட்ட வந்தும் ஒரு இராணுவ வண்டி வீதிக்கு வரவில்லை. 2025இல் அல்பேர்ட்டாவிலும் பிரிவினைக் கதை உரத்துக் கேட்டது. அதையும் வாக்காலும் வழக்காலும்தான் பேசிக்கொண்டார்கள். இதுதான் இந்த நாட்டின் உண்மையான பலம் என்று நான் நினைக்கிறேன்.

பாலத்தடியில்

கடைசியாகச் சொல்லவேண்டியது எங்களைப் பற்றியது. சொல்லத் தயங்கினேன். ஆனாலும் சொல்லவேண்டும்.

நான் 2012இல் பஃபலோ வழியாக வந்தவன். பஃபலோவுக்கும் ஃபோர்ட் ஈரிக்கும் இடையில் உள்ள பாலத்துக்குச் சமாதானப் பாலம் என்று பெயர். இரண்டு நாடுகளும் நூறு வருடம் சண்டையில்லாமல் இருந்ததற்காக 1927இல் திறந்தார்கள். என்னோடு மட்டக்களப்புப் பெடியன் ஒருவனும் வந்தான். எனக்கு மில்லிக்கனில் அக்கா இருந்தா. அவனுக்கு இங்கே ஒருவரும் இல்லை. 2004 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான மூன்றாம் நாட்டு உடன்படிக்கையின்படி, அமெரிக்காவால் வருகிறவர் அங்கேயேதான் அகதி கேட்கவேண்டும். இங்கே நெருங்கிய உறவு இருந்தால் விலக்கு. என்னை உள்ளே விட்டார்கள். அவனைத் திருப்பினார்கள். அவன் பிறகு எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. இரண்டுபேரும் ஒரே சண்டையிலிருந்து ஓடியவர்கள். வித்தியாசம் ஒரு அக்கா.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1986 ஓகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக் கடலில் மிதந்து வந்தார்கள். மீனவர்கள் காப்பாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து, 1987 பெப்ரவரி 20இல், அமெரிக்க எல்லையால் வந்து அகதி கேட்பவர்கள் விசாரணைக்கு அங்கேயே காத்திருக்கவேண்டும் என்று விதி வந்தது. 2001 செப்ரெம்பர் தாக்குதலுக்குப் பிறகு, எல்லையை இறுக்குகிறோம் என்று அமெரிக்காவுக்குக் காட்டவேண்டியிருந்தபோது மூன்றாம் நாட்டு உடன்படிக்கை. 2023 மார்ச் 25இல் அது எல்லை முழுவதற்கும் நீண்டது. 2024 நவம்பரில் ட்ரம்ப் வரி போடுவேன் என்று வெருட்டினார். டிசம்பரில் ஒட்டாவா எல்லைக்கு 130 கோடி டொலர் ஒதுக்கியது. 2025 யூன் 3இல் சி-2 என்ற எல்லைச் சட்ட மசோதா வந்தது. 2020 யூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் வந்து, ஒரு வருடத்துக்குமேல் கழித்து அகதி கேட்டால் அந்த வழக்கு அகதிச் சபையின் விசாரணைக்குப் போகாது என்பது அதில் ஒரு பகுதி. ஒக்டோபரில் அதே பகுதி சி-12 என்ற இன்னொரு மசோதாவுக்குள் போனது. சி-2ஐ நாடாளுமன்றத்தில் வைத்தவர் அப்போது பொதுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கரி ஆனந்தசங்கரி. அவரும் இலங்கையில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்த தமிழர். அவரை நான் குறை சொல்ல எழுதவில்லை. யார் அந்தக் கதிரையில் இருந்தாலும் அந்தப் பேப்பர் மேசைக்கு வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயம் தருகிறது.

என் மனைவியின் தம்பி 2022இல் மாணவர் விசாவில் வந்தவர். ஊரில் நிலைமை சரியாகும், படித்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் இருந்தார். அகதி கேட்கவில்லை. பிறகு ஊரில் அவரைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அதற்குள் ஒரு வருடம் எப்போதோ கடந்துவிட்டது. இப்போது லோயரிடம் போய்வருகிறோம். வாஷிங்டனில் ஒருவர் மேசையில் தட்டியது, மில்லிக்கனில் எங்கள் பேஸ்மென்டில் படுக்கும் ஒரு பெடியனின் தலையில் வந்து விழுகிறது.

கனடா பெரிய அயலவனுக்கு எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அது எனக்கு விளங்குகிறது. அம்மம்மாவும் விட்டுக்கொடுத்தவதான். வேலி ஒரு விரல் நகர்ந்தபோது பேசாமல் இருந்தா. ஆனால் வீட்டில் வந்து ஒதுங்கிய ஆளைப் பிடித்துக் கொடு என்று கேட்டபோது கொடுக்கவில்லை. அதற்காக ஒரு மாரி முழுக்கச் சவர்த்தண்ணீர் குடித்தோம். விட்டுக்கொடுப்பதிலும் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. மூன்றாவது வழிக்கு விலை இருக்கிறது. அந்த விலையின் முதல் பங்கை எங்களைப்போன்ற தொழிலாளர் கட்டுகிறோம். வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றால் அதுதான். கட்டத் தயார். ஆனால் இரண்டாவது பங்கையும் அகதியின் தலையில் வைக்கக்கூடாது.

குடியுரிமை எடுத்தவர்கள் நாங்கள் பலபேர் இருக்கிறோம். மில்லிக்கனிலும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் எங்கள் கதவைத் தட்டாமல் போகமுடியாது. வந்தால், கோயில் திருவிழாவுக்கு வருவீர்களோ என்று மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள். எந்தக் கட்சி என்றாலும் கேளுங்கள்.

நேற்று மாலை மில்லிக்கன் பார்க்கில் மகளோடு நடந்தேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊரின் பெயரைப்பற்றி எழுதச் சொன்னார்களாம். "அப்பா, மில்லிக்கன் எண்டவர் ஆர்?" என்று கேட்டாள். "அவரும் எங்களை மாதிரி ஒரு அகதியம்மா" என்றேன். அவள் அதை அப்படியே கொப்பியில் எழுதினாள்.